தோற்றவன் தூக்கும் பை

குணாவின் பெட்டியை மூடப் போகிற நேரத்தில் அவன் மனைவி ரேவதி அண்ணி எழுந்து வீட்டுக்குள் போனார். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். திரும்பி வந்தபோது அவர் கையில் ஓர் உருட்டுக்கட்டை இருந்தது.

ஆளை அடிக்கிற உருட்டுக்கட்டை இல்லை. கோல்ஃப் விளையாட்டில் கடைசியாகப் பந்தை மெதுவாகக் குழிக்குள் உருட்டிவிட ஒரு கட்டை உண்டு. அதற்கு இங்கிலீஷில் வேறு பெயர். நாங்கள் வைத்த பெயர் உருட்டுக்கட்டை.

அதை குணாவின் வலது கைப் பக்கம் சாய்த்து வைத்தார். மாலைகளுக்கு நடுவே அதன் இரும்புத் தலை மட்டும் தெரிந்தது. புளி போட்டுத் தேய்த்திருப்பார் போல. அப்படி ஒரு பளபளப்பை நாங்கள் அதில் பார்த்ததே இல்லை.

"வாரா வாரம் ஜெயிச்சுக் கொண்டாந்தது. அவரோடயே போகட்டும்" என்றார்.

கூட்டத்தில் நாங்கள் மூன்று பேர் ஒட்டி நின்றோம். நான், காதர் நானா, செல்லையா அண்ணன். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்தக் கட்டை குணாவுக்கு மட்டும் சொந்தமில்லை. எங்கள் நாலு பேருக்கும் பொது. எங்களிடம் இருந்த ஒரே உருட்டுக்கட்டை அது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் குணா ஜெயித்ததே கிடையாது.

எங்கள் ஆட்டத்தில் தோற்றவன்தான் கட்டைகள் இருக்கும் பையை வீட்டுக்குத் தூக்கிப் போக வேண்டும். அடுத்த வாரம் அவன்தான் திரும்பவும் தூக்கி வர வேண்டும். ஜெயித்தவன் கையை வீசிக்கொண்டு நடப்பான். குணா வாரா வாரம் பையைத் தூக்கிப் போனான், ஏனென்றால் வாரா வாரம் தோற்றான். வீட்டில் அவன் கதையைத் தலைகீழாகச் சொல்லியிருக்கிறான் என்பது எங்களுக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

செல்லையா அண்ணன் என் காதோரம் குனிந்து, "வாயத் தொறந்துறாத" என்றார்.

யார் திறப்பார்கள்? பெட்டியை மூடினார்கள். தூக்கினோம். இடுகாட்டு மேட்டில் ஏறும்போது உள்ளே கட்டை ஒரு தடவை பெட்டியில் தட்டியது. முன்னால் தோள் கொடுத்திருந்த காதர் நானா நடப்பதை நிறுத்தினார். பிறகு "நடங்க, நடங்க" என்று அவரே சொல்லிக்கொண்டு நடந்தார்.

நைட்டில் ஆடாத கோல்ஃப் நைட்

போன வாரங்களில் இந்தப் பத்தியில் எஸ்டேட் லயத்தைப் பற்றி எழுதினேன். லோரியைப் பற்றி எழுதினேன். லோரி என்றாலே குணாதான். ஆனாலும் அவன் பக்கம் வராமல் வளைவில் ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கி ஒதுங்கிப் போனேன். இந்த வாரம் முடியவில்லை.

குணா காய்கறி லோரி ஓட்டினான். நான் அவனுக்குக் கெலிண்டான். மூட்டை ஏற்றுவது, இறக்குவது, அவன் பின்னால் எடுக்கும்போது நின்று கத்துவது, இதுதான் என் வேலை. கோலா தெர்லாவில் முட்டைக்கோசு, லெம்பா பெர்த்தாமில் தக்காளி, அப்புறம் ரிங்லெட் தாண்டிக் கீழே இறக்கம். பள்ளிக்கூடத்தை நான் பதினாலு வயதில், இரண்டாம் படிவத்தோடு விட்டேன். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் அந்த லோரியின் முன் சீட்டில். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அண்ணன் என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

பை எங்களுக்குக் கிடைத்ததும் லோரியால்தான். எஸ்டேட்டில் பழைய துரை பங்களாவை டூரிஸ்ட் தங்குகிற இடமாக மாற்றினார்கள். உள்ளே இருந்த குப்பையைக் கொண்டுபோய்க் கொட்ட எங்களைக் கூப்பிட்டார்கள். தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருக்கும் செல்லையா அண்ணன், பழைய குழாய்களைக் கழற்ற வந்திருந்தார். ரிங்லெட்டில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் காதர் நானா வேலையாட்களுக்குப் பொட்டலம் கொண்டு வந்திருந்தார். குப்பைக்கு நடுவில் தோல் வெடித்த ஒரு நீளப் பை. உள்ளே நாலைந்து கட்டை. ஒரு காலுறை நிறையப் பந்து.

பந்தைக் கண்டுபிடிக்கும் முன்பே காதர் நானா ஒரு கட்டையை எடுத்து லோரியில் கிடந்த அழுகல் தக்காளியை அடித்தார். அது செல்லையா அண்ணனின் சட்டையில் போய் வெடித்தது. அதுதான் எங்கள் முதல் ஆட்டம்.

பெயர் வைத்தது குணா. நாங்கள் கோசு இறக்கும் ஹோட்டல் ஒன்றின் வாசலில் இங்கிலீஷ் பலகை இருந்தது. "என்னா லா எழுதியிருக்கு, படி" என்றான். எழுத்துக் கூட்டிப் படித்தேன். வியாழக்கிழமை தோறும் கோல்ஃப் நைட்.

"அப்ப நமக்கும் வியாழக்கிழமைதான். நமக்கும் கோல்ஃப் நைட்தான்."

நாங்கள் நைட்டில் ஆடியதே இல்லை. விளக்கு ஏது? வேலை முடிந்து, மூடுபனி மலையிலிருந்து இறங்குவதற்குள் ஆடி முடிக்க வேண்டும். ஆனாலும் நைட் நைட்தான்.

இடம், தேயிலை மலைக்குக் கீழே இருந்த பழைய காற்பந்துத் திடல். குழிகளுக்குக் காதர் நானா கடையின் காலிப் பால் டின்களைப் புதைத்தோம். டின்னின் வாய் சின்னது. பந்து உள்ளே போவதற்குள் உயிர் போய்விடும். பந்து தேயிலைக்குள் பறந்துவிட்டால் கொழுந்தை மிதிக்கக் கூடாது. வரிசைக்கு நடுவில் பக்கவாட்டில் நடந்துபோய்க் கிளையைத் தூக்கிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். மிதித்தது, தோட்டத்தை மேற்பார்க்கும் மண்டோர் கண்ணில் பட்டால் திடலே போய்விடும்.

ஒரு தடவை, நிஜமான கோல்ஃப் எப்படி இருக்கும் என்று பார்க்க டவுன் பக்கம் போய் வேலிக்கு வெளியே நின்றோம். வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கையுறை. ஒருத்தர் அடிக்க நிற்கிறார், மற்றவர்கள் மூச்சுகூட விடவில்லை.

"என்னா லா இது, எழவு வீடு மாதிரி இருக்கு" என்றான் குணா. "அடிக்கிறவன வையக் கூட மாட்டேங்குறாங்க. அப்புறம் என்னாத்துக்கு ஆடறது?"

எங்கள் ஆட்டத்தில் அடிப்பதைவிட வைவதுதான் அதிகம்.

"குணா, நீ பந்த அடிக்கிறியா, பாம்ப அடிக்கிறியா?" என்பார் காதர் நானா.

"ரொட்டி வீசுற கைக்கு இது ஈசி நானா. ஸ்டீரிங் புடிச்ச கைக்குத்தான் கஷ்டம்."

"ஸ்டீரிங்க குத்தம் சொல்லாத. நீ லோரி ஓட்டுறதையும் நாங்க பாத்திருக்கோம். செல்லையா, நீங்க சொல்லுங்க."

"காத்து" என்பார் செல்லையா அண்ணன். பந்து வலது பக்கம் போனாலும், இடது பக்கம் போனாலும், போகாமலே கிடந்தாலும், அவருக்குக் காரணம் காற்றுதான்.

இருட்டு விழுந்ததும் குணா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்வான். யாரும் சொல்லவே வேண்டாம். சீழ்க்கை அடித்துக்கொண்டு படியேறிப் போவான். தோற்றவன் இவ்வளவு சந்தோஷமாகப் போகிறானே என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

கூட்டாளிக்கு அரை நாள்

ஒரு காலையில் குளிக்கப் போனவன் வெளியே வரவில்லை. இதயம் என்றார்கள். முப்பது வயது ஆகவில்லை.

லோரி முதலாளியிடம் லீவு கேட்டேன்.

"யாரு உனக்கு அவன்?"

"கூட்டாளி."

"கூட்டாளியா? சரி, அரை நாள் எடுத்துக்க."

அவரைக் குறை சொல்லவில்லை. அப்பா, அம்மா, அண்ணன், தம்பி என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். கூட்டாளி செத்தால் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மொட்டை அடிக்கலாமா? கறி சாப்பிடலாமா? பதினாறாம் நாள் காரியத்தில் எந்த இடத்தில் நிற்பது? எல்லாரும் வரிசையாக ரேவதி அண்ணியிடம் போய் அழுதார்கள். நான் நாற்காலி அடுக்கினேன்.

உண்மையைச் சொல்கிறேன், அண்ணியின் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அவர் அழுதால் நாலு பேர் பிடித்துக்கொள்கிறார்கள். நான் அழுதால், "என்னடா, நீயே இப்படி?" என்கிறார்கள்.

உட்கார முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் கால் ஆடியது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரிங்லெட் வரை போவேன். போனதும், எதற்கு வந்தோம் என்று திரும்பிவிடுவேன். பாதி வழியில் நிறுத்தி அணைக்கட்டுத் தண்ணீரைப் பார்ப்பேன். அதையும் முழுசாகப் பார்க்க மாட்டேன். "ஒரு எடத்துல குந்துடா, உன்னப் பாத்தா எனக்குத் தல சுத்துது" என்று அம்மா கத்துவார். குந்துவேன். எழுந்துவிடுவேன். லோரியில் புது டிரைவர் நல்ல மனுஷன், பேசமாட்டார். அதனாலேயே அவரைப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை வந்தால் இன்னும் மோசம். நாங்கள் மூன்று பேரும் திடலுக்குப் போய்விடுவோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, கால் தானாகப் போனது. போய் என்ன செய்வது? கட்டை இல்லை, பந்து இல்லை. பை குணா வீட்டில் இருந்தது. சரிந்து கிடந்த கோல் கம்பத்தில் உட்கார்ந்து ஈரப் புல்லைப் பிடுங்கிப் போட்டோம்.

ஒரு வாரம் செல்லையா அண்ணன் ஃபேக்டரியிலிருந்து வளைந்த குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார். "இத வச்சு ஆடிப் பாப்போமா?" என்றார். காதர் நானா அதை வாங்கிப் புதருக்குள் எறிந்தார். அவர் அப்படிச் செய்கிற ஆள் இல்லை. அன்றைக்கு மூன்று பேரும் மூன்று திசையில் போனோம்.

எனக்கு அந்தப் பை வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை. குணாவின் சட்டை, போன், மோட்டார் எல்லாம் அண்ணிக்கு, அது நியாயம். ஆனால் அந்தப் பையில் நாலில் ஒரு பங்கு என்னுடையது. அதை எப்படிக் கேட்பது? 'அது எல்லாருக்கும் பொது, அவன் தோத்ததால உங்க வீட்டுல கிடக்கு' என்று சொன்னால்தான் கேட்க முடியும். அப்படிச் சொன்னால் செத்தவனின் பொய் வெளியே வந்துவிடும்.

முட்டைக்கோசு நாற்றம்

கேட்கத்தான் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று லோரியில் மிஞ்சிய முட்டைக்கோசு ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணி தேத்தண்ணி கொடுத்தார். பை, தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றது. அதன்மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது, மூடுபனியில் வைத்த பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி. குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரமும் கோசு. அதற்கடுத்த வாரமும் கோசு.

அண்ணி லெம்பா பெர்த்தாமில் பூத் தோட்டத்தில் செவ்வந்தி கட்டுகிறவர். கை வேகம், வாய் அதைவிட வேகம். கடைசியில் அவரே கேட்டார்.

"முரளி, நீ எதுக்கு வர்ற? கோசா கொண்டாந்து கொண்டாந்து வீடே நாறுது. என்னா வேணும், சொல்லு."

"பை, அண்ணி."

தேத்தண்ணி கிளாஸைக் கீழே வைத்தார். "எந்தப் பை?"

"அந்தக் கோல்ஃப் பை. நாங்க மூணு பேரும் சும்மா குந்திட்டு இருக்கோம்."

"அது அவரு ஜெயிச்சது."

நான் தரையைப் பார்த்தேன்.

"அந்த மனுஷனுக்குச் சொந்த வீடு கெடையாது. லோரி மொதலாளியோடது. கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு வாடகைக் கோட்டு. வாழ்க்கையில அவரு ஜெயிச்சது அது ஒண்ணுதான். அத சும்மா தூக்கிக் குடுத்துருவேனா?" கொஞ்ச நேரம் பையையே பார்த்தார். "ஜெயிச்சவங்க வீட்டுக்குத்தானே பை? அப்ப என்னைய ஜெயிச்சு எடுத்துக்கங்க. இந்த வியாழக்கிழமை வர்றேன்."

"உங்களுக்கு ஆடத் தெரியாது அண்ணி."

"அவருக்கும் மொதல்ல தெரியாது."

அண்ணியின் ஆட்டம்

சொன்ன மாதிரி வந்தார். பை தோளில், குணாவின் மழைக்கோட்டு உடம்பில், காலில் தோட்டத்துக்குப் போடுகிற ரப்பர் பூட்ஸ்.

"உங்க மூணு பேருல ஒருத்தரு வாங்க. யாரு?"

காதர் நானா முட்டியைத் தடவினார். "எனக்கு முட்டி வலி, தங்கச்சி."

செல்லையா அண்ணன் வானத்தைப் பார்த்தார். "காத்து சரியில்ல." ஓர் இலைகூட அசையவில்லை.

இரண்டு பேருக்கும் அவரை ஜெயிக்க மனசில்லை. எனக்கு இருந்தது. "நான் ஆடறேன்" என்றேன்.

அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்தார். முகம் லேசானது. "முரளியா? முரளின்னா சரி." அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

எண்ணிக்கை சொல்வது காதர் நானா. அண்ணி கட்டையைத் துடைப்பம் மாதிரி பிடித்து வீசினார். பந்து அப்படியே கிடந்தது. மறுபடி வீசினார். புல் பறந்தது, பந்து பறக்கவில்லை.

"ரெண்டு" என்றேன்.

"எது ரெண்டு? அது கை நீட்டிப் பாத்தது. இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றார் காதர் நானா.

"நானா!"

"அம்பயரு நானு. நீ சும்மா இரு லா."

அப்படியே போனது ஆட்டம். அண்ணி தவறவிட்டால் கை நீட்டிப் பார்த்தது. உருட்டுக்கட்டை மண்ணுக்குள் இருந்ததால் இரண்டு பேருமே இரும்புக் கட்டையைத் திருப்பி வைத்துத் தட்டினோம். எனக்கே சரியாக வரவில்லை. ஆனால் எனக்கு மட்டும் எல்லாமே எண்ணிக்கை. செல்லையா அண்ணன் பக்கத்தில் நின்று, "காத்து, காத்து" என்று அண்ணிக்கு ஆறுதல் சொன்னார்.

ஒரு பந்து தேயிலைக்குள் பறந்தது. நாங்கள் சொல்வதற்கு முன்பே அண்ணி வரிசைக்குள் பக்கவாட்டில் இறங்கி, ஒரு கொழுந்துகூட ஒடியாமல் கிளையைத் தூக்கி எடுத்து வந்தார். "மிதிச்சா திடலு போயிரும்னு சொல்லியிருக்காரு" என்றார். அவருக்கு எல்லா ரூலும் தெரிந்திருந்தது. ஒன்றே ஒன்றைத் தவிர.

கடைசிக் குழிக்கு வந்தபோது காதர் நானாவின் கணக்கில் இரண்டு பேரும் சமம். என் பந்து டின்னுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அண்ணியின் பந்து தூரத்தில். குழிக்குப் பின்னால் லோங்காங் என்கிற வடிகால். மழைத் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

உருட்டினால் போதும். பை என் வீட்டுக்கு வந்துவிடும். குணா சொன்ன பொய்தான் எனக்கு அதைக் கொடுக்கப் போகிறது.

காதர் நானா குனிந்து குழியைப் பார்ப்பது போல என் பக்கம் வந்தார். "விட்டுருடா. புண்ணியமாப் போவும்."

"அவன்கிட்டேருந்து எனக்கு வேற என்ன இருக்கு நானா?"

"எனக்கு என்னா இருக்கு? சாவு வீட்டுல ஒரு கடுங்காப்பி குடுத்தாங்க, அதான் இருக்கு" என்றார். அவர் குரல் உடைந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். இத்தனை வாரம் நான் அவரைப் பார்க்கவே இல்லை என்று தோன்றியது.

அண்ணியைப் பார்த்தேன். மழைக்கோட்டுக் கைக்குள் விரலை இழுத்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது. எந்தச் சாமியைக் கூப்பிட்டாரோ.

நான் ஓங்கி அடித்தேன். பந்து டின்னைத் தாண்டிக் குதித்து லோங்காங்கில் விழுந்து தண்ணீரோடு போய்விட்டது.

அண்ணி தட்டித் தட்டி வந்து தன் பந்தை உள்ளே விட்டார். டின்னில் டங்கென்று சத்தம் வந்தது. காதர் நானா கை தட்ட ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அண்ணி சிரிக்கவில்லை.

ஒரு அடிகூட

"வேணும்னே விட்ட" என்றார்.

"இல்ல அண்ணி. காத்து."

"என் மூஞ்சியப் பாத்து சொல்லு. ஒரு சாண் தூரம். சின்னப் புள்ள ஊதுனாலே விழுந்துரும்." கிட்டே வந்தார். குரல் இறங்கியது. "அவரையும் இப்படித்தான் ஜெயிக்க வச்சீங்களா? ஆடத் தெரியாதவன், பாவம்னு வாரா வாரம் விட்டுக் குடுத்தீங்களா? அவரு சந்தோஷமா படியேறிப் போகையில பின்னாடி நின்னு சிரிச்சீங்களா?"

காதர் நானா எனக்குத் தலையை ஆட்டினார், சொல்லாதே என்று. செல்லையா அண்ணன் எப்போதோ திரும்பிக்கொண்டார்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். பை அண்ணியோடு போயிருக்கும், குணாவின் பொய்யும் பத்திரமாக இருந்திருக்கும். ஆனால் நாங்கள் அவனுக்குப் பாவம் பார்த்தோம் என்று இந்த உலகத்தில் ஒருத்தர் நினைத்துக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அவன் பொய்க்காரனாக இருக்கட்டும். நாங்கள் அப்படிப்பட்ட கூட்டாளிகள் இல்லை.

"நாங்க அவனுக்கு ஒரு அடிகூட விட்டுக் குடுத்ததில்ல அண்ணி. சத்தியமா. அவன் ஜெயிக்கவே இல்ல. ஒரு வாரம்கூட."

"அப்ப பை?"

"தோத்தவன்தான் தூக்கணும். அதான் ரூலு."

மூடுபனி தேயிலை மேட்டிலிருந்து இறங்கித் திடலின் ஓரத்துக்கு வந்துவிட்டது. அண்ணி பையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"கோல் கம்பத்துக்கு மேல பறந்து, ஒரே அடியில உள்ள விழுந்துச்சே. அது?"

காதர் நானா தொண்டையைச் செருமினார். "அது நான் அடிச்சது, தங்கச்சி."

"கொட்டுற மழையில, சேத்துல பொதஞ்ச பந்த நேரா குழிக்கே தூக்கிப் போட்டது?"

"அது நானு" என்றார் செல்லையா அண்ணன். "அன்னைக்கிக் காத்து நல்லா இருந்துச்சு."

"அப்ப லோரிக் கண்ணாடிய ஒடச்சது? மண்டோரு தொப்பியில அடிச்சது? பந்துன்னு நெனச்சுக் காளான அடிச்சது? அதெல்லாம் முரளிதானே?"

"நானில்ல! ஐயோ, அதெல்லாம் அவன் அண்ணி!"

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். "முரளி பாவம், வாரா வாரம் தோக்குறான்னு சொல்வாரு. எவ்வளவு வஞ்சாலும் மறு வாரம் வந்து நின்னுருவான், அவன் இல்லன்னா ஆட்டமே இல்லன்னு சொல்வாரு. சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

எனக்குப் புரிய நேரம் எடுத்தது. குணா மற்றவர்களின் நல்ல அடிகளையெல்லாம் தன் பெயரில் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான். தன்னுடைய தப்பு அடிகளை என் பெயரில். அந்த வீட்டில் இத்தனை காலம் அவன் தன்னைப் பற்றிப் பேச வேண்டியதையெல்லாம் முரளி, முரளி என்றே பேசியிருக்கிறான்.

"களவாணிப் பய" என்றார் காதர் நானா. அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் செல்லையா அண்ணன். அப்புறம் அண்ணி. அண்ணி சிரித்துக்கொண்டே புல்லில் உட்கார்ந்தார், பையை மடியில் போட்டுக்கொண்டார், எப்போது அழ ஆரம்பித்தார் என்று தெரியவில்லை. நானும் அழுதேன். 'நீயே இப்படியா' என்று யாரும் கேட்கவில்லை.

"வியாழக்கிழமைன்னா கோழிக்கறி" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஜெயிச்சவருக்குன்னு காலுத் துண்டா பாத்து எடுத்து வப்பேன். எப்படித் தின்னாரு தெரியுமா, கூச்சமே இல்லாம!"

"அதான் என் கடையில ஒரு ரொட்டிகூடத் திங்காம ஓடுவான்" என்றார் காதர் நானா.

பிறகு அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சரி. இன்னைக்கி யாரு தோத்தது?"

செல்லையா அண்ணன் டின்னுக்குள் கையை விட்டு அண்ணியின் பந்தை எடுத்தார்.

"நானா, நீங்கதானே எண்ணுனீங்க. சொல்லுங்க."

காதர் நானா வானத்தைப் பார்த்தார், லோங்காங்கைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் தாடையால் என்னைக் காட்டினார். "இவன்."

அண்ணி பையை என் பக்கம் நீட்டினார். "புடி."

"வேணாம் அண்ணி. உங்க வீட்டுலயே இருக்கட்டும்."

"ஏன்? அவருக்கு ஒரு அடிகூட விட்டுக் குடுக்காதவங்க, எனக்கு மட்டும் எதுக்குக் குடுக்குறீங்க?"

வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். இத்தனை வாரம் ஆசைப்பட்டது. வார் அவர் கைச் சூட்டில் இருந்தது. வாங்கியிருக்கக் கூடாதோ என்று நின்றேன். நிற்கவும் முடியவில்லை, ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தேன்.

அண்ணி வெறுங்கையோடு படியேறிப் போனார். பாதிப் படியில் மூடுபனி அவரை மறைத்துவிட்டது. அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"அடுத்த வியாழக்கிழமை பாருங்க! நான் தோக்கலன்னா என் பேரு ரேவதி இல்ல!"